நடுவில் நிற்பவர்

சில ஆண்டுகளுக்கு முன் நம் தமிழ்த்துறையின் பழைய மாணவர் சந்திப்பு நடந்தபோது, வந்திருந்தோர் ஒவ்வொருவராக எழுந்து தம்மை அறிமுகம் செய்துகொண்டனர். ஒருவர் ஆசிரியர் என்றார், அவை கைதட்டிற்று. மற்றொருவர் கிராம நிர்வாக அலுவலர் என்றார். இன்னும் பலமாகக் கைதட்டிற்று. சவூதியில் இருக்கிறேன் என்றவருக்கும் கைதட்டல் குறையவில்லை. பின்வரிசையிலிருந்து எழுந்த ஒருவர், "இடம் வாங்கி விற்கும் தொழில்" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று அமர்ந்துகொண்டார். கைதட்டுவதா வேண்டாவா என்று அவைக்கு விளங்கவில்லை. "புரோக்கரா?" என்று யாரோ கேட்டார். சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். அதை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுதுவது முறையாகாது.

அவர் என் மாணவர். 2009-இல் இளங்கலைத் தமிழ் முடித்து வெளியேறியவர். கல்வெட்டு எழுத்துப் படிகளைக் கரும்பலகையில் ஒட்டி வைத்தால், மற்றவர் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே வரி முடிவுக்குச் சென்றுவிடுவார். மேற்படிப்புக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வீட்டில் இரண்டு தங்கையர். மறு ஆண்டே ஷார்ஜாவுக்குச் சென்றார். அங்கே ஒரு மளிகை மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதினார். தங்கையர் திருமணம், பின்பு தம் திருமணம், பின்பு ஒரு மாடி வீடு எனப் பத்தாண்டுகள் ஓடின. 2020-இல் கொரோனாக் காலத்தில் கடை ஆட்களைக் குறைத்தபோது, சிறப்பு விமானம் ஒன்றில் ஊர் வந்து சேர்ந்தார்.

வந்தபின் நேர்ந்ததை அவர் என்னிடம் சொன்ன விதம் மறக்க இயலாதது. "ஐயா, அங்கே நான் அயலான் என்பது எனக்குத் தெரியும், அதனால் வருத்தமில்லை. இங்கே வந்த பிறகுதான் அது வருத்தமாயிற்று" என்றார். பத்தாண்டில் ஐந்து முறை ஊர் வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் நாற்பது நாள். அவருக்குத் தெரிந்த ஊர் கல்யாண ஊர், பெருநாள் ஊர். தம் பணத்தில் எழுந்த வீட்டின் பின்னால் இருக்கும் வயல் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. மகன் தனக்கு வேண்டியதைத் தாயிடம் சொல்வான். தாய் அதைத் தந்தையிடம் சொல்வார்.

இவர் ஒருவரின் கதை மட்டுமன்று இது. நம் கடற்கரை ஊர்களிலும் காவிரிப் படுகை ஊர்களிலும் இரண்டு தலைமுறை ஆண்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள். சொந்த ஊர் என்பது பணம் அனுப்பும் முகவரியாக இருந்தது. திரும்பி வரும்போது கையிருப்பு வீடாகவும் நகையாகவும் மாறியிருக்கும். முதல் வைத்துத் தொழில் தொடங்க வழியிருக்காது. முதலில்லாமல் செய்யத்தக்கதாய்க் கண்ணில் படுவது நிலத்தரகு. தெரிந்த முகங்களும் ஒரு கைப்பேசியும் ஓர் இருசக்கர வண்டியும் இருந்தால் போதும் என்று தோன்றும். இரு தரப்பிலும் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ கிடைக்கும். வேறு வழியின்றி நுழையும் தொழில் என்பதால்தான் அதற்கு மதிப்பில்லாமல் போயிற்று.

நம் மாணவரும் அப்படியே நுழைந்தார். தொடக்கத்தில் அவர் நடந்துகொண்ட விதத்தைப் புகழ்வதற்கில்லை. வயலை நிரவி, கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி வைத்து ஆட்களை அழைத்துவந்து சாப்பாடு போட்டு மனை விற்கும் ஒரு கூட்டத்தாரோடு சேர்ந்து, முதலாண்டிலேயே நான்கு மனைகள் விற்றுக் கொடுத்தார். வாங்கிய நால்வரும் வளைகுடாவில் உழைப்பவர்கள். ஐப்பசி மழையில் அங்கே முழங்காலளவு நீர் நின்றது. வாங்கியவர்களில் ஒருவர் விடுப்பில் ஊர் வந்திருந்த நாள்களில், இவர் பள்ளிவாசலுக்கு வேறு தெரு வழியாகச் சென்றாராம்.

அந்த வயலின் பழம்பெயர் 'தாங்கல் கொல்லை.' தாங்கல் என்பது நீரைத் தாங்கி வைக்கும் சிறு நீர்நிலை. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்னும் பெயர்களை வகுப்பில் நான் நடத்தியிருக்கிறேன். அவரும் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறார். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் அந்நிலத்தில் ஆசிரியரின் பாடமும் உதவவில்லை, மாணவரின் மதிப்பெண்ணும் உதவவில்லை. சென்னையில் தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்றும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. 2015 திசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியும் முடிச்சூரும் பட்ட பாட்டை நாடே கண்டது. மறு ஆண்டு செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது; அத்தடை பின்னர்த் தளர்த்தப்பட்டு வரன்முறை விதிகள் வந்தன. 2016-இன் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவு பெற வேண்டிய திட்டங்களின் மனைகளை விற்றுத் தரும் முகவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆயினும் ஒரு கொல்லையின் பெயரைக் கேட்டு நின்று யோசிக்கும் பழக்கத்தை எந்தச் சட்டமும் தந்துவிடாது.

அந்த மழைக்குப் பின் அவர் கொஞ்ச காலம் தொழிலை விட்டிருந்தார். திரும்ப அதற்குள் அவரை இழுத்தது ஒரு பழம் பத்திரம். தாய்மாமன் ஒருவருக்குத் துணையாகச் சார்பதிவாளர் அலுவலகம் சென்றிருக்கிறார். அங்கே ஒரு முதியவர், மையும் மங்கிய முத்திரைத்தாள் ஒன்றை நீட்டி ஒவ்வொருவரிடமும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்திர எழுத்தரும் இரண்டு வரிக்கு மேல் செல்லவில்லை. இவர் வாங்கி, திண்ணையில் அமர்ந்து, முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டினார். "கல்வெட்டு வாசித்தவனுக்குப் பத்திரம் பெரிய காடில்லை ஐயா" என்று பின்னர் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

உண்மையில் அது பெரிய காடுதான். வழி தெரிந்தவனுக்கு வளமான காடு. சோழர் செப்பேடுகளைப் படித்தோர் அறிவர்: பெண் யானையை நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, கீழ்பால் எல்லை இது, தென்பால் எல்லை இது என்று ஒவ்வொரு வாய்க்காலையும் வரப்பையும் பெயர் சொல்லி எழுதினார்கள். மேல்நோக்கி வளர்ந்த மரத்தையும் கீழ்நோக்கி அகழ்ந்த கிணற்றையும் உடும்பு ஓடிய இடத்தையும் ஆமை தவழ்ந்த இடத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். நம் பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரத்தில் வரும் நான்கெல்லை அதன் பேரப்பிள்ளைதான். யானை போயிற்று, நில அளவைச் சங்கிலி வந்தது. ஆனால் "இன்னாருடைய தோப்புக்கு மேற்கு, இன்னாருடைய மனைக்கு வடக்கு" என்னும் வாய்பாடு மாறவில்லை. குழியும் மாவும் வேலியும் இன்றும் படுகை மக்களின் வாயில் இருக்கின்றன. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஏறத்தாழ மூன்று மா ஓர் ஏக்கர். மனைக்காரர்கள் சதுர அடியில் பேசுகிறார்கள். வயலை விற்கும் பெரியவர் மாவில் நினைக்கிறார். இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்கு இரண்டு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ் பயில்வோர் நோக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. நிலத்தைப் பற்றி நாம் வழங்கும் சொற்களில் பல அரபு, பாரசீக வழி வந்தவை. அசல், நகல், வாரிசு, இனாம், வசூல், பாக்கி, ரசீது, தாசில்தார், ஜமாபந்தி, வக்பு எல்லாம் அவ்வகையினவே. மிராசு என்னும் சொல்லே மரபுரிமையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். வருவாய்த் துறை இன்றும் பசலி ஆண்டில் கணக்கெழுதுகிறது. பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். ஜூலை முதல் நாள் அதற்குப் புத்தாண்டு. வடமொழிச் சொற்களோ இன்னும் மிகுதி. ஒரே பத்திரத்தில் மூன்று மொழிகள் சண்டையின்றிக் கையொப்பமிட்டிருக்கும். தனித்தமிழ்ப் பற்றுடைய எனக்கு முதலில் அது உறுத்தத்தான் செய்தது. படிக்கப் படிக்க, அந்நடையில் நம் முன்னோர் எவ்வளவு விழிப்போடு இருந்தனர் என்பது தெரிந்தது.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் பூர்வீக ஊரில், என் அத்தாவின் அத்தா வாங்கிய ஆறு மா நிலமும் ஒரு தோப்பும் இருந்தன. 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பட்டா என் அத்தாவின் பெயரிலும் சின்னத்தாவின் பெயரிலும் ஏறியது. இருவரும் காலமாகிவிட்டனர். பிள்ளைகளாகிய நாங்கள் விற்றுப் பிரித்துக்கொள்வதென்று முடிவு செய்தோம். சிரித்த குற்றத்துக்கு ஈடாக இருக்கட்டும் என்று நம் மாணவரிடமே பொறுப்பை ஒப்படைத்தேன். பத்து நாளில் நல்ல விலைக்கு ஆள் கொண்டுவந்தார். முன்பணம் வாங்கும் நாளுக்கு முன்மாலை, தாய்ப்பத்திரத்தின் நகலோடு என் வீட்டுக்கு வந்து அமர்ந்தார்.

"ஐயா, பாட்டனாருக்குப் பெண் மக்கள் உண்டா?"

"ஒரு மகள். என் மாமி. கட்டிக்கொடுத்தபோது நகை போட்டு அனுப்பினார்கள்."

"அதற்கு ஈடாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருக்கிறார்களா?"

இல்லை. யாரும் எழுதவுமில்லை, கேட்கவுமில்லை. பாட்டனார் இறந்தபோது பாட்டி இல்லை. இரண்டு மகன், ஒரு மகள். "அப்படியென்றால் ஐந்தில் ஒரு பங்கு அவர்களுடையது ஐயா. பட்டாவில் பேர் இல்லை என்பதால் பங்கு இல்லாமல் போகாது" என்றார்.

மீலாது மேடைகளில், பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே பெண்ணுக்குச் சொத்துரிமை தந்த மார்க்கம் என்று முழங்கியவன் நான். அதற்காகப் பொன்னாடையும் வாங்கியிருக்கிறேன். என் மாமியின் பங்கு என் கைக்கணக்கில் நாற்பதாண்டுகளாகச் சேர்ந்து கிடந்தது எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு தரகர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

குடும்பத்தில் எல்லாரும் அதை இனிமையாக ஏற்கவில்லை. வாங்குபவரே, "பட்டா உங்கள் பேரில் சுத்தமாக இருக்கிறது, பின்னால் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். உறவினர் ஒருவர், "தரகனுக்கு என்ன ஷரீஅத்து?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். நம் மாணவர் கோபப்படவில்லை. அந்த அம்மையாரின் கையொப்பம் இல்லாத பத்திரத்துக்குத் தாம் ஆள் கொண்டுவர இயலாது என்று மட்டும் சொன்னார். வாங்க வந்தவர் காத்திருக்க விரும்பாமல் வேறிடம் பார்த்துக்கொண்டார். ஒரு நல்ல தரகுத் தொகை அவர் கண்முன்னே போயிற்று. அவர் மகனுக்கு அப்போது பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததைப் பின்னர்தான் அறிந்தேன்.

ஏழு மாதம் கழிந்தது. எண்பதைக் கடந்த மாமி தம் மகள் வீட்டில் இருந்தார். நாங்கள் சென்று செய்தியைச் சொன்னபோது அவர் பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தோப்பு ஓரத்துக் கிணறு இன்னும் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றோம். அந்தக் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து பல் உடைந்த கதையைச் சொன்னார். அந்த நிலம் அவருக்குள் எங்கள் எல்லாரையும்விட முழுமையாக இருந்தது. பதிவு நாளில் சக்கர நாற்காலியில் வந்தார். விரல்ரேகை பதிந்துகொண்டபோது சார்பதிவாளர் வழக்கம்போல், "சம்மதந்தானே அம்மா?" என்று கேட்டார். "இப்பத்தானே கேக்குறாங்க" என்றார் மாமி. அங்கிருந்தோர் அதை ஒரு கிழவியின் வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டனர். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அல்பகறா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் அது. தவணை குறித்த கடனை எழுதி வைப்பதையும், எழுதுபவர் நீதியோடு எழுதுவதையும், சாட்சிகளின் கடமையையும் விரித்துரைக்கிறது. வள்ளுவரோ நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளை வணிகருக்கென்றே ஒதுக்கினார். பிறர் பொருளைத் தம் பொருள்போல் பேணுவதே நல்ல வாணிகம் என்றார். பட்டினப்பாலை புகழும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரும் நடுவு பிறழாதவர்களே. இரு தரப்பாருக்கும் நடுவில் நின்று பிழைப்பதே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு நடுவு நிலைமையைவிடப் பொருத்தமான அதிகாரம் வேறென்ன இருக்க முடியும்? அவரை நாம் 'இடைத்தரகர்' என்று சொல்லும்போது குரலில் ஓர் இளக்காரம் வந்துவிடுகிறது. குறை தொழிலிலும் இருக்கிறது, நம் குரலிலும் இருக்கிறது.

வீடு தேடி நகரங்களில் அலைந்த நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் தெரியும். பெயரைக் கேட்டதும், "வேறொருவருக்குப் பேசி முடித்துவிட்டோம்" என்னும் பதிலைத் தரகர்தான் முதலில் சுமந்துகொண்டு வருவார். அதே பதிலை நம் தெருக்களும் பிறருக்குச் சொல்கின்றன என்பதை நாம் பேசுவதில்லை. நம் மாணவர் சென்ற ஆண்டு, நம் தெருவொன்றில் மாற்றுச் சமயத்து ஆசிரியர் குடும்பம் ஒன்றுக்கு வீடு பார்த்துக் கொடுத்தார். வீட்டுக்காரரிடம் மூன்று முறை நடந்தாராம். இது சிறிய செய்திதான். ஆனால் கைதட்டல் பெற்ற தொழில்கள் பலவற்றில் இதற்கு வாய்ப்பில்லை.

2025-இல் வக்பு திருத்தச் சட்டம் வந்ததும், சொத்து விவரங்களை 'உமீத்' இணையத்தளத்தில் பதிய ஆறு மாதக் கெடு வைத்தார்கள். சட்டத்தைப் பற்றிப் பலருக்குப் பல கருத்து; அது இங்கே வேண்டா. ஆனால் அந்த ஆறு மாதமும் ஊர்தோறும் பள்ளிவாசல் நிர்வாகிகள் தகரப்பெட்டிகளைத் திறந்துவைத்துக்கொண்டு திகைத்ததை நான் பார்த்தேன். அவருடைய ஊரிலும் அப்படியே. ஜமாஅத்துப் பெரியவர்கள் அவரை அழைத்தார்கள். இஷாத் தொழுகைக்குப் பின் அமர்ந்து, பூச்சி அரித்த தாள்களைப் பிரித்து, பசலியை ஆண்டாக்கி, பழைய புல எண்ணைப் புதிய எண்ணோடு ஒப்பிட்டு, இல்லாமற்போன வரப்புகளைக் கிழவர்களிடம் கேட்டு எழுதினார். ஒரு பத்திரத்தில் ஒரு பெண்மணி, தம் சீதனப் பணத்தில் வாங்கிய இரண்டு மா நிலத்தைப் பள்ளியின் விளக்கெண்ணெய்ச் செலவுக்கென எழுதி வைத்திருந்தார். அவர் பெயரை ஊரில் அறிந்தோர் ஒருவருமில்லை. இவர் உரக்கப் படித்தபோது கூடத்தில் பேச்சு நின்றுவிட்டதாம்.

அன்றிரவு வீடு திரும்பும்போது தம் மகன் கூட வந்ததாகவும், "அந்த வயல் எங்கே இருக்கு அத்தா?" என்று தம்மிடமே நேரே கேட்டதாகவும் சொன்னார். மறுநாள் காலை அழைத்துச் சென்று காட்டியிருக்கிறார். "அங்கே பத்தாண்டு இருந்தேன், ஓரடி மண் என் பேரில் இல்லை. இங்கேயும் வீட்டைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் எந்த மண் யாருடையது, அதற்கு முன் யாருடையது என்று சொல்ல என்னைத் தேடி வருகிறார்கள் ஐயா" என்றார். தாங்கல் கொல்லையில் மனை வாங்கியவரைப் பற்றிக் கேட்டேன். அவரிடம் சென்று, தாம் பெற்ற தரகைத் திருப்பித் தந்துவிட்டாராம். மனையை மாற்ற வழியில்லை. மழைக்காலத்தில் இன்னும் அந்தத் தெருவழிப் போவது கடினந்தான் என்றார்.

துறைத் தலைவர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். தமிழ் படித்தால் ஆசிரியர் பணி, அதுவும் கிடைக்காவிட்டால் கடல் கடந்த கணக்கு வேலை என்று நம் மாணவர் நம்புகிறார்கள். அவர்கள் ஊரிலேயே, அவர்கள் வீட்டுப் பெட்டிகளிலேயே, படிக்க ஆளில்லாத தமிழ் கிடக்கிறது. வரும் கல்வியாண்டில் சனிக்கிழமைதோறும் ஒரு மணிநேரம் 'பத்திரத் தமிழ்' வகுப்பு நடத்தலாம் என்பது என் எண்ணம். கல்வெட்டின் நான்கெல்லையில் தொடங்கி, கையெழுத்துப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல்வரை மாணவர்கள் படிக்கப் பழகட்டும். வாரிசுப் பங்கைக் கணக்கிடவும் பழகட்டும். பெண் பிள்ளைகளின் பங்கிலிருந்து தொடங்கினால் நல்லது. நம் மாணவரும் வந்து நடத்தித் தர இசைந்திருக்கிறார். ஊதியம் வேண்டா, மேடையும் வேண்டா என்கிறார்.

வகுப்புக்குப் பழம் பத்திரங்கள் தேவை. வைத்திருப்போர் நகல் மட்டும் அனுப்பி உதவுக; அசல் வீட்டிலேயே இருக்கட்டும். அசலைத் தரகரிடமும் கொடுக்கலாகாது, தமிழாசிரியரிடமும் கொடுக்கலாகாது என்பதே அவர் நடத்தவிருக்கும் முதல் பாடமாம்.